மடுல்சீமையில் தோன்றிய செம்மஞ்சள் பொட்டு
மலைநாட்டு வரலாற்றுத் தொடர் – 9

சென்ற இதழில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர் கூட்டங்களை ஊவா எல்லைவரை பின்தொடர்ந்தோம். அவர்கள் காடு வெட்டிக் கோப்பி நட்ட மலைகளில் ஒன்று மடுல்சீமை. பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறிப் போகும் அந்தச் சாரலை 1860களின் கடைசியில்தான் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் திறக்கத் தொடங்கியிருந்தார்கள். 1869 மே மாதம், அங்கே ஒரு புதுத் தோட்டத்தில், சில செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் பொட்டுகள் தென்பட்டன. தொட்டால் விரலில் தூள் ஒட்டியது. பொட்டு விழுந்த இலைகள் காலத்துக்கு முன்பே உதிர்ந்தன.

இலங்கைக் கோப்பியின் முடிவு அந்தச் சில செடிகளில் தொடங்கியது. உலகப் பயிர்நோய் வரலாற்று நூல்களில் மடுல்சீமைக்கு ஓர் இடம் கிடைத்ததும் அதனால்தான். ஆனால் இந்த இதழில் நாம் பார்க்கப்போவது நோயை மட்டும் அல்ல. நோயைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள், கண்டதை யாரிடம் சொன்னார்கள், யார் காதுக்கு அது போகவே இல்லை என்பதையும்தான். ஊவா மலைகளில் இந்தக் கேள்வி 150 ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. 2014இல் அது உயிர்களின் கேள்வியாகவும் ஆயிற்று.

பொட்டு விழுந்த இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பொறுப்பிலிருந்தவர் ஜோர்ஜ் த்வெயிட்ஸ். அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். பெர்க்லி சாதாரண ஆள் அல்ல. அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று, அறிஞர் பலர் மறுத்த காலத்தில் துணிந்து எழுதியவர். இலங்கை இலையிலும் அதுவரை அறியாத ஒரு பூஞ்சணத்தைக் கண்டார். 1869 நவம்பரில், லண்டனில் வெளிவந்த தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்து எழுதினார். மே மாதம் மடுல்சீமையில் கண்ட நோய்க்கு நவம்பரில் லண்டனில் பெயர் கிடைத்துவிட்டது. கப்பல் தபாலை நம்பியிருந்த காலத்தில் அது வியக்கத்தக்க வேகம்.

மலையில் மட்டும் அவசரம் பிறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்தத் துரு நோய் மரத்தை ஒரேயடியாகச் சாகடிப்பதில்லை. இலையை உதிர்த்து மரத்தைப் பட்டினி போடும். அடுத்த மழைக்கு மரம் மறுபடி துளிர்க்கும். துளிர்த்ததும் நோய் மறுபடி வரும். ஒவ்வொரு சுற்றிலும் காய்ப்புக் கொஞ்சம் குறையும். நோய்க்கு முன் ஏக்கருக்குச் சராசரி நாலரை அந்தர் கிடைத்த இடத்தில், 1870களின் முடிவில் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு அந்தர். அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் விழுந்தும் காசு வந்துகொண்டிருந்ததால், குறைந்த விளைச்சலைக் கூடுதல் நிலத்தால் ஈடுகட்டலாம் என்று துரைமார் இன்னும் இன்னும் காடு வெட்டினார்கள். 1878இல் கோப்பி நின்ற பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கர். நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடைத்திருக்க முடியாது.

தோட்டங்கள் மட்டுமா? ஊவாவின் சிங்களக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கோப்பி நின்றது. உப்பும் துணியும் வாங்க அந்தக் கோப்பிதான் கைக்காசு. துருவுக்குத் துரையின் மரம், கிராமத்தான் மரம் என்ற பேதம் இல்லை.

கடைசியில் துரைமார் சங்கமும் அரசாங்கமும் ஓர் ஆய்வாளரை வரவழைத்தன. 1880 தொடக்கத்தில் வந்து இறங்கியவர் ஹாரி மார்ஷல் வார்ட். கேம்பிரிட்ஜில் முந்தைய ஆண்டுதான் முதல் வகுப்பில் தேறியவர், வயது 25. பேராதனையைத் தளமாகக் கொண்டு 2 ஆண்டு வேலை செய்தார். இலையின் அடிப்பக்கத்தில் விழும் நோய்த்தூள், ஈரம் பட்டதும் முளைவிட்டு இலையின் மூச்சுத் துளை வழியாக உள்ளே நுழைவதை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்த்து வரைந்தார். உள்ளே நுழைந்தது இலையின் சத்தை உறிஞ்சி, சில வாரங்களில் புதுப் பொட்டாக வெளியே வெடித்துப் புதுத் தூளைக் காற்றில் விடுவதையும் காட்டினார்.

அவர் செய்த ஒரு சோதனையைத் தனியே சொல்ல வேண்டும். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசி வெளியில் தொங்கவிட்டார். காற்றில் மிதந்து வந்தவை அதில் ஒட்டிக்கொண்டன. எடுத்துப் பார்த்தால் கோப்பித் துருவின் தூள். நோய் மண்ணிலிருந்து வருகிறது, உரக்குறைவால் வருகிறது, மரம் கிழடானதால் வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சில காசு பெறுமதியான கண்ணாடித் துண்டு அந்த வாதங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. படிக்காத ஒருவருக்குக்கூடக் கையில் கொடுத்து விளக்கிவிடக்கூடிய சோதனை அது. நல்ல ஆய்வில் எப்போதும் அப்படி ஓர் அம்சம் இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

வார்ட் தன் முடிவுகளைப் பல்கலைக்கழகத்துச் சகாக்களுக்காகப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1882இல் அவர் கட்டுரை வருமுன்பே, இலங்கை அரசாங்க அறிக்கைகளாக அவருடைய கண்டுபிடிப்புகள் வெளியாகிவிட்டன. தாவரவியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி, படங்களோடு, காரணத்திலிருந்து காரியத்துக்கு ஒவ்வோர் அடியாக எழுதினார். பொறுமையும் நேர்மையும் உள்ள எழுத்து அது.

நேர்மைதான் அவருக்கு வினையானது. துரைமார் கேட்டது மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் தூவினால் முளைக்கும் தூளைத் தடுக்கலாம் என்று வார்ட் ஒப்புக்கொண்டார். ஆனால் தூவியது மழையில் கழுவிப்போகும்; அதற்குள் புது இலை வரும்; ஆயிரக்கணக்கான ஏக்கரில் திரும்பத் திரும்பத் தூவக் கட்டுப்படியாகாது. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டையும் அவர் சொல்லாமல் விடவில்லை. மலைக்கு மலை, இடைவெளி இல்லாமல், ஒரே பயிரை நட்டு வைத்திருக்கிறீர்கள். காற்று ஒரு தோட்டத்தின் நோயை அடுத்த தோட்டத்துக்குத் தடையின்றிக் கொண்டுபோகிறது. இடையே மர வரிசைகள் இருந்திருந்தால் இந்த வேகம் இராது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். வெட்டிய காட்டை மறுபடி வை என்று, காடு வெட்டிப் பணக்காரன் ஆனவனிடம் சொன்னால் எப்படி இருக்கும்? மருந்து கண்டுபிடிக்காத ஆய்வாளருக்கு எதற்குச் சம்பளம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. வார்ட் 1882இல் திரும்பிப் போனார். பின்னாளில் கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியரானார். திராட்சைக்குப் பயன்பட்ட செம்புக் கலவை மருந்து பிரான்சில் 1885இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் இலங்கையில் கோப்பிக் கதை முடிந்துகொண்டிருந்தது.

அவர் எழுதியதை அன்றைக்குத் துரைமார் ஏற்காமல் போயிருக்கலாம். ஆனால் அது அவர்கள் கைக்குப் போனது. அவர்கள் மொழியில் போனது. எதிர்த்து வாதாட அவர்களுக்குக் கண்டியில் சங்கம் இருந்தது, கொழும்பில் பத்திரிகை இருந்தது. 1881இல் ஃபெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் வெப்பமண்டல விவசாயத்துக்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கினார்கள். ஆய்வாளரும் வாசகரும் நேருக்கு நேர் நின்ற காலம் என்று அதைச் சொல்லலாம், வாசகர் என்றால் துரைமார் மட்டும் என்று வைத்துக்கொண்டால்.

அந்த இலைகளை நாள்தோறும் கையால் தொட்டவர்கள் வேறு ஆட்கள். களை வெட்டியவர்கள், கவ்வாத்துப் பண்ணியவர்கள், பழம் பறித்தவர்கள், சாக்கு மூட்டையைத் தலையில் சுமந்து பதுளைச் சாலைக்கு இறக்கியவர்கள். எந்த மலையில் எந்தப் பக்கம் இலை முதலில் மஞ்சளாகிறது, எந்தக் காற்றுக்குப் பிறகு பொட்டு கூடுகிறது என்பதை அவர்களைவிட நெருக்கமாகப் பார்த்தவர் வேறு யார்? அரசாங்க அறிக்கைகளில் அவர்கள் வேலைக்காரர் எண்ணிக்கையாக வருகிறார்கள். அறிவு கேட்பவராகவோ சொல்பவராகவோ வருவதில்லை.

அவர்கள் மொழியில் கோப்பியைப் பற்றி எழுதவே முடியாது என்பதும் இல்லை. மடுல்சீமையில் நோய் தென்பட்ட அதே 1869ஆம் ஆண்டில், ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சில் வந்தது. கோப்பிச் செய்கையைக் கும்மிப் பாட்டாகச் சொன்ன நூல். கும்மி என்பது தோட்டத்துப் பெண்களுக்குக் கைவந்த வடிவம். எழுத்து அறியாதவர்களும் ஒருமுறை கேட்டால் மறுமுறை சேர்ந்து பாடுவார்கள். பயிர்த்தொழில் அறிவை அந்த வடிவில் கொண்டுபோகலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. வார்ட்டின் கண்ணாடித் துண்டைப் பற்றியும் ஒரு கும்மி வந்திருந்தால்? வரலாற்றில் இப்படிக் கேட்பது முறையல்ல என்பார்கள். ஆனாலும் அந்த இரண்டும் ஒரே மலைநாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில் இருந்தன என்பதை நினைக்கும்போது மனம் கேட்காமல் இருப்பதில்லை.

அந்தக் கும்மி நூலும் ஏறத்தாழ மறந்து போனதுதான். அதை மறுபடி வாசகர் முன் கொண்டுவந்து பேசவைத்தவர்களில் முக்கியமானவர் மு. நித்தியானந்தன். பதுளையில் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் விரிவுரையாளராக இருந்தவர். வைகறை வெளியீடாக மலையகப் படைப்பாளிகளின் நூல்களை அச்சில் கொண்டுவந்தவர். என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இல் நூலானது அப்படித்தான். 2014இல் சென்னை க்ரியா வெளியிட்ட அவருடைய ‘கூலித் தமிழ்’, கோப்பிக் காலத்துத் தமிழ் நூல்களையும், தோட்டத் தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்காகத் துரைமாருக்கென எழுதப்பட்ட தமிழ் கற்கும் கைநூல்களையும் தேடித் துருவி எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. பழைய நூலகங்களில் கிடந்த ஆவணங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. ஆய்விதழ்களோடு நின்றுவிடாமல், கடையில் வாங்கி எந்த வாசகரும் படிக்கும் தமிழில் வந்தது. பல்கலைக்கழகத்தில் பயின்ற கை, தான் பிறந்த மலையின் கதையை அந்த மலைக்காரர்களுக்கே எழுதித் தந்தது என்பதால், இந்தத் தொடரில் அவர் பெயரை நன்றியோடு குறிக்க வேண்டியிருக்கிறது.

கோப்பிக்கு வருவோம். 1884 மே மாதம், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடியது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் கைமாறின, கைவிடப்பட்டன. மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்ற சனம் நடுத்தெருவுக்கு வந்தது. தோட்டம் விற்கப்பட்டாலும் தொழிலாளியின் கூலிப் பாக்கிக்குத்தான் முதல் உரிமை என்று அதே ஆண்டு சட்டம் செய்ய வேண்டி வந்தது என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஆள் சேர்த்து வந்த கங்காணிகள் வாங்கிக் கொடுத்த முன்பணக் கடன், கோப்பி மரம் செத்த பிறகும் சாகவில்லை. மலைகளில் கோப்பி நின்ற இடத்துக்கு முதலில் கொய்னா வந்தது, பிறகு தேயிலை. கோப்பித் துருவால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினார்கள் என்று ஒரு கதை உலகமெல்லாம் உலவுகிறது. அது சரியல்ல. சீனத் தேயிலையை அவர்கள் அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே குடித்துக்கொண்டிருந்தார்கள். துரு மாற்றியது ஊவா மலைகளின் பயிரை. அதில் வேலை செய்தவர்களின் நிலையை அது மாற்றவில்லை.

தேயிலைக் காலத்தில் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஊவாவுக்கென்று பசறையில் அதன் பிராந்திய நிலையம் உண்டு. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, செம்பு மருந்து தெளித்து அதை அடக்கினார்கள். கோப்பியில் தோற்ற இடத்தில் தேயிலையில் வென்றார்கள். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மலையேறியவர்களுக்கு அந்த அறிவு பெரும்பாலும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கொடுக்கப்படும் வேலையாக மட்டுமே வந்தது.

அதே கேள்வியோடு, இனி அந்த மலைகளின் மண்ணைப் பற்றி.

ஹப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்ல, கொஸ்லந்தை வரை தெற்கு நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மலைமுகத்தின் அடிவாரத்தில், பழங்காலச் சரிவுகளில் உருண்டு வந்த கல்லும் மண்ணும் கலந்து குவிந்து கிடக்கின்றன. வெயில் காலத்தில் அது நல்ல நிலம் போலவே இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மழையில் நீர் உள்ளே இறங்கி நிறையும்போது, முழு மேடும் பாரம் தாங்காமல் நகரும். காடு இருந்த காலத்தில் வேர்கள் பிடித்து வைத்திருந்த மண் அது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு போனது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள், அவற்றில் வாழப்போகிறவர்களைக் கேட்டதில்லை.

1984இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. 1986 ஜனவரி மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்து ஆட்கள் மாண்டார்கள். 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். புவியியலாளர்கள் மலை மலையாக நடந்து, பாறை, மண், சரிவின் கோணம், நீரோட்டம், நிலப் பயன்பாடு எல்லாம் பார்த்து, 10,000க்கு 1 என்ற அளவில் வரைந்தார்கள். எந்த மேடு நகரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் படங்கள். இலங்கை விஞ்ஞானிகள் செய்த மிக முக்கியமான பணிகளில் ஒன்றாக இதை எண்ண வேண்டும்.

கொஸ்லந்தைக்கு அருகே உள்ள மீரியபெத்தை அந்தப் பார்வைக்குத் தப்பவில்லை. அங்கே ஆபத்து இருக்கிறது, குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி அளவில், மேலே இருந்த மலை லயங்கள்மீது வந்து விழுந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். பலரின் உடல் கிடைக்கவே இல்லை.

எச்சரிக்கை கொடுத்தோம், சனம் போகவில்லை என்று ஒரு தரப்பு சொன்னது. போ என்றால் எங்கே போவது என்று சனம் கேட்டது. இந்த இரண்டாவது குரலை நாம் கவனமாகக் கேட்க வேண்டும். லயத்துக்காரருக்குச் சொந்தக் காணி கிடையாது. குடியிருக்கும் காம்பரா என்ற லயத்து அறையும் தோட்டத்துடையது. வேலையும் அதே தோட்டத்தில். மாற்று நிலமும் வீடும் காட்டாமல் கொடுத்த எச்சரிக்கை, வார்ட் துரைமாருக்குச் சொன்ன மர வரிசை யோசனைக்கும் ஒரு படி கீழே நின்றது. துரைக்கு மரம் நட அதிகாரமாவது இருந்தது. ஆய்வாளர் செய்தது சரியான ஆய்வு. அது கடைசிப் படியில் அலுவலகங்களுக்கும் லயங்களுக்கும் நடுவே நின்றுபோனது. தப்பியவர்கள் மகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறக்குறைய 2 வருடம் தங்கியிருந்த பின், 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த வீடுகளை 2005இலேயே கட்டியிருக்க முடியாதா?

மீரியபெத்தைக்குப் பிறகு ஒரு வழக்கம் வேரூன்றியது நல்ல சேதி. மழைமானி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை சேர்ந்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். எளிய மழைமானிகளைக் கிராமத்திலும் தோட்டத்திலும் உள்ளவர்களிடமே கொடுத்து, அவர்களே அளந்து அவர்களே முடிவெடுக்கும்படி பழக்கினார்கள். நீண்ட வருட ஆய்வை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் விடியற்காலையில் பார்த்து அறியக்கூடிய 3 எண்களாகச் சுருக்கியிருக்கிறார்கள். வார்ட்டின் கண்ணாடித் துண்டுக்குப் பிறகு ஊவா மலையில் கிடைத்த மிகத் தெளிவான ஆய்வு மொழி இதுதான். இந்த முறை அது லயத்து வாசலுக்கே வந்தது.

போதுமான அளவுக்கு வந்ததா? 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைநாடு மறுபடி சரிந்தது. அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மழையை அளக்கத் தெரிந்தாலும், இரவில் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் நடந்து போய்ச் சேர ஒரு பத்திரமான இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தை எண்களால் கட்டித்தர முடியாது.

இப்போது பதுளையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறை வீதியில், 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. மடுல்சீமைக்கு ஏறும் வழியும் அதே வீதிதான். அங்கே ஆய்வு மாநாடுகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. உலக அறிஞர்களுக்கு அது வேண்டும். கூடவே ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, ஆய்வு நடந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கும் பதுளைப் பொது நூலகத்துக்கும் கொடுப்பதை விதியாக்கினால் என்ன? செலவு அதிகம் இல்லை. லயத்தில் பிறந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளே அந்த இரண்டு பக்கத்தை எழுதித் தருவார்கள். தன் தாய் பறிக்கும் கொழுந்தைப் பற்றி, தன் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மேட்டைப் பற்றி எழுதுவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

அடுத்த இதழில்: 1924இல் பதுளைக்கு ரயில் வந்ததும், அதுவரை கோப்பியையும் தேயிலையையும் சுமந்த மாட்டு வண்டிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதும்.

(தொடரும்)